பல்கலைக் கழகத்துச் சமய ஆராய்ச்சியும் திருமடத்துக் கேள்வியும்

சிவமயம்

1. தோற்றுவாய்

சமயம் என்பது ஆசிரியன்பாற் கேட்டு உணர்ந்து ஒழுகுதற்கு உரியதோ, அன்றி ஏனைக் கலைகளைப் போல ஆராய்ந்து, தேர்வு எழுதிப் பட்டம் பெறுதற்கு உரியதோ என்னும் வினா சைவ நன்மக்களிடையே பன்னாளாக நிகழ்ந்து வருகின்றது. பல்கலைக் கழகத்தார் சமயத்தைத் தொட்ட அளவிலே அது வெறும் ஏட்டுச் சுரைக்காய் ஆயிற்று என்பர் ஒரு சாரார். திருமடத்திற் பயின்றோர் தம் நூலையன்றிப் பிறிதொன்றும் அறியாராகலின் அவர் கல்வி உலகத்தார்முன் நில்லாது என்பர் மற்றொரு சாரார். இவ் விரு கூற்றும் ஒவ்வோர் உண்மையைப் பற்றி எழுந்தனவேயாயினும் முழுதுண்மை ஆகா.

எம் கருத்து வருமாறு: சிவஞான சித்தியாராகிய ஒரே நூல் பல்கலைக் கழகத்தில் ஆராயப்படும் சான்றாக நிற்கின்றது, திருமடத்தில் பொருளை அளந்து காட்டும் அளவையாக நிற்கின்றது. இவ் வேறுபாட்டை உணர்ந்தார்க்கு இரு கல்வியும் முரணாவாம். உணராதார் கையில் இரண்டும் கெடும்.

இதனை விளக்குதற்குக் கொங்கு நாட்டிலே திருப்பூரையும் அதனைச் சூழ்ந்த பனியன் தொழிற் பகுதியையும் எடுத்துக்காட்டாகக் கொள்கின்றாம். என்னை? அப் பகுதி தேவாரப் பாடல் பெற்ற அவிநாசியையும் திருமுருகன்பூண்டியையும் தன்னகத்தே உடையது. பல நாட்டுப் பல சமயத்து மக்கள் ஒரே கூரையின்கீழ்த் தொழில் செய்யும் இடமாகவும் இன்று விளங்குகின்றது. இளைஞர்க்குக் கற்கும் ஓய்வு அரிதாகிய இடமும் அதுவே. ஆதலின் நம் வினா அங்கே கூர்மை பெறுகின்றது.

2. பல்கலைக் கழகங்களிற் சமயம் புகுந்தவாறு

ஐரோப்பியப் பழம் பல்கலைக் கழகங்களில் இறையியல் தலைமைக் கலையாக இருந்தது. ஆயின் அது கிறித்தவ குருமார் தம் சமயத்தைத் தம்மவர்க்குக் கற்பித்த கல்வியே ஆகும். சமயங்கள் அனைத்தையும் ஒப்ப வைத்து ஆராயும் கல்வி 19-ஆம் நூற்றாண்டிலே தோன்றியது. மாக்ஸ் மூல்லர் 1870-ஆம் ஆண்டில் இலண்டனில் நிகழ்த்திய சொற்பொழிவுகளில் சமயத்தை ஆராயும் தனிக் கலை ஒன்று வேண்டும் என்று வற்புறுத்தினார். ஆலந்து நாட்டில் 1876-ஆம் ஆண்டிற் பிறந்த உயர்கல்விச் சட்டத்தின் பயனாக, அடுத்த ஆண்டில் இலெய்டன் பல்கலைக் கழகத்திற் சமய வரலாற்றுக்கெனத் தனி ஆசிரியப் பதவி அமைந்தது. பாரிசு நகரத்து உயர் ஆராய்ச்சிக் கல்லூரியில் 1886-இல் சமயக் கலைகட்கு ஒரு பிரிவு வகுக்கப்பட்டது. இங்கிலாந்தில் 1967-ஆம் ஆண்டில் இலங்காஸ்டர் பல்கலைக் கழகத்தில் நினியன் சுமார்ட்டு என்பவர் தலைமையிற் சமயவியற் பகுதி தோன்றிய பின்னர், ஒரு சமயத்தைச் சார்ந்து நில்லாமற் சமயங்களைப் பயிலும் முறை பல இடங்களிலும் பரவிற்று.

நம் நாட்டில் 1857-இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக் கழகங்கள் நிறுவப்பட்டபோது, அரசாங்கத்தார் சமயங்களில் நடுநிலை பூண்டவராதலின், சமயம் பாடத்திட்டத்தில் இடம்பெறவில்லை. 1916-இல் தோன்றிய காசி இந்துப் பல்கலைக் கழகம் இதற்குப் புறனடையாய் அமைந்தது. நாடு உரிமை பெற்றபின், டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் 1948-49-இல் ஆராய்ந்த பல்கலைக் கழகக் கல்விக் குழுவினர், பட்ட வகுப்பின் முதலாண்டிற் சமயப் பெரியோர் வரலாறுகளும், இரண்டாமாண்டிற் பல சமயத் திருநூல்களினின்று தெரிந்தெடுத்த பகுதிகளும், மூன்றாமாண்டிற் சமயத் தத்துவத்தின் அடிப்படைச் சிக்கல்களும் பயிற்றப்படுதல் நன்று என்றனர்.

1950-ஆம் ஆண்டு சனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 28-ஆம் உறுப்பு, முழுதும் அரசின் பொருளால் நடைபெறும் கல்வி நிலையங்களிற் சமய போதனை கூடாது என்று விலக்கிற்று. அறக்கட்டளையின் விதிப்படி சமய போதனை வேண்டப்படும் நிலையங்களை அரசு நிருவகிப்பினும், அவ் விலக்கு அவற்றைச் சாராது. போதனை நிகழும் இடத்தும் ஒருவனை அவன் இசைவின்றி அதற்கு உட்படுத்தல் ஆகாது என்பதும் அவ் வுறுப்பிற் கண்டதே. போதனை வேறு, ஆராய்ச்சி வேறு என்னும் பாகுபாட்டை உச்ச நீதிமன்றம் பின்னர்த் தெளிவாக்கிற்று. குருநானக் பல்கலைக் கழகச் சட்டத்தைப் பற்றிய 1971-ஆம் ஆண்டு வழக்கில், ஒரு பெரியாரின் வாழ்வையும் உபதேசத்தையும் கல்வி முறையில் ஆராய ஏற்பாடு செய்தல் சமய போதனை ஆகாது என்று முடிவு செய்யப்பட்டது. சமயங்களைப் பற்றிய கல்வியை 28-ஆம் உறுப்பு தடுக்கவில்லை என்பது 2002-ஆம் ஆண்டு அருணா ராய் வழக்கிலும் உறுதி பெற்றது. ஆகவே சட்டம் நமக்குத் தடையன்று என்பது தேற்றம்.

3. சித்தாந்தம் புகுந்த வழி

சைவ சித்தாந்த நூல்கள் மேனாட்டாரிடம் முதலிற் சென்றது திருமடங்களின் முயற்சியால் அன்று. பாதிரிமார் வாயிலாகவே ஆம். யாழ்ப்பாணத்திற் பணிபுரிந்த அமெரிக்கப் பாதிரியார் ஹொய்சிங்டன் 1854-ஆம் ஆண்டில் சிவஞான போதம், சிவப்பிரகாசம், தத்துவக் கட்டளை ஆகியவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பை அமெரிக்கக் கீழ்நாட்டுக் கழகத்தாரின் வெளியீட்டில் அச்சேற்றினார். ஜே. எம். நல்லசாமிப் பிள்ளை 1895-இல் சிவஞான போதத்தை ஆங்கிலத்திற் பெயர்த்து விளக்கினார். 1897-இல் சித்தாந்த தீபிகை என்னும் வெளியீட்டையும் தொடங்கினார். போப்பையரின் திருவாசக மொழிபெயர்ப்பு 1900-இல் ஆக்ஸ்போர்டிலிருந்து வெளிவந்தது. ஷோமெருஸ் என்னும் ஜெர்மானியப் பாதிரியார் 1912-இல் சைவ சித்தாந்தத்தைப் பற்றி ஜெர்மன் மொழியில் ஒரு பெருநூல் இயற்றினார். இவருட் சைவரல்லாதார் மூவர் என்பது கருதத்தக்கது.

நம் பல்கலைக் கழகங்களிலோ சைவம் சமயம் என்னும் பெயரோடு நுழையவில்லை. தேவார திருவாசகங்கள் தமிழ்ப் பகுதியில் இலக்கியமாகவும், மெய்கண்ட நூல்கள் தத்துவப் பகுதியில் தரிசனமாகவும் புகுந்தன. 1929-இல் நிறுவப்பெற்ற அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் திருப்பனந்தாள் காசித் திருமடத்தார் வைத்த அறக்கட்டளையின் சார்பாகச் சித்தாந்தச் சொற்பொழிவுகள் நிகழ்ந்தன. அவற்றுள் 1946 முதல் 1954 வரையில் நிகழ்ந்தவை பின்னர்த் தொகுதியாக அச்சிடப்பட்டன. சென்னைப் பல்கலைக் கழகத்திலிருந்து 1960-ஆம் ஆண்டில் வி. அ. தேவசேனாபதி அவர்கள், சிவஞான சித்தியாரையும் அதன் அறுவர் உரையையும் ஆராய்ந்த நூல் வெளிவந்தது. க. சிவராமன் அவர்களின் ஆங்கிலப் பெருநூல் 1973-இல் வெளிப்போந்தது. இன்று சென்னைப் பல்கலைக் கழகத்தில் சைவ சித்தாந்தத்துக்குத் தனித் துறை உண்டு. வைணவம், சமணம், கிறித்தவம், இசுலாம் ஆகியவற்றுக்கும் அங்கே தனித்தனி இடம் உண்டு.

இவ் வளர்ச்சி மகிழத்தக்கதே. எனினும் ஒரு குறை நோக்குக. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கும் சேர்ந்ததே நம் நெறி. பல்கலைக் கழகத்தார் ஞான நூல்களை மாத்திரம் பிரித்தெடுத்துக் கொண்டு, ஏனை மூன்றனையும் நெடுங்காலம் புறத்தே நிறுத்தினர். இக் குறையை ஓரளவு நிரப்பினவர் 1955-இல் தோன்றிய புதுச்சேரிப் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தார். அவர் சிவாலயத்துக் குருக்கள்மார் இல்லங்களிலும் மடங்களிலும் இருந்த ஆகம, பத்ததிச் சுவடிகளைத் தேடித் தொகுத்தும் படியெடுத்தும், என். ஆர். பட்டு முதலிய வல்லாரைக் கொண்டு பதிப்பித்தனர். ஏறக்குறைய 11,000 சுவடிகளைக் கொண்ட புதுச்சேரிச் சைவச் சுவடித் தொகுதி 2005-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. கிரியை நூல்கள் இவ்வாறு ஆராய்ச்சிக்குள் வந்தன.

4. ஆராய்ச்சி தருவது யாது?

இனி, ஆராய்ச்சியால் வரும் பயனைத் திருப்பூர்ப் பகுதியின் இரு தலங்களைக் கொண்டு காட்டுதும்.

திருப்பூரினின்று அவிநாசிக்குச் செல்லும் வழியில் உள்ளது திருமுருகன்பூண்டி. சேரமான் பெருமாள் அளித்த பெருநிதியோடு சுந்தரமூர்த்தி நாயனார் மீண்டு வருங்கால், சிவபெருமான் பூதகணங்களை வேடர் வடிவிற் சென்று அதனைக் கவரப் பணித்தார் என்று 12-ஆம் நூற்றாண்டினராகிய சேக்கிழார் பெருமான் அருளினார். இப்பொழுது நாயனாரின் பதிகத்தைத் தனியே எடுத்து ஓதுக. அதன்கண் வழிப்போவாரை அலைத்து ஆடை பறிக்கும் வடுக வேடுவர் கொடுமையும், அத்தகைய இடத்தில் இறைவன் எதன்பொருட்டு இருக்கின்றான் என்னும் உரிமை வினாவும் உள்ளன. வேடராய் வந்தவர் பூதகணத்தார் என்னும் செய்தி பதிகத்துள் இல்லை, புராணத்துள் உள்ளது.

அவிநாசியாகிய திருப்புக்கொளியூரிலும் இவ்வாறே. முதலையுண்ட பிள்ளையைத் தரச் சொல்லுமாறு இறைவனை வேண்டும் குறிப்பு நாயனாரின் பதிகத்திலேயே உண்டு. ஐயாண்டுச் சிறுவர் இருவர் மடுவிற் குளித்தமையும், ஒருவனை முதலை விழுங்கியமையும், பிழைத்தவன் மனையில் உபநயன மங்கலம் நிகழ எதிர்மனையில் அழுகை எழுந்தமையும் புராணத்தால் விரிகின்றன. இவற்றோடு கோயிற் கல்வெட்டும், தலபுராணமும், ஊரார் எடுக்கும் முதலைவாய்ப் பிள்ளை விழாவும் சேர, ஒரே நிகழ்ச்சிக்குப் பல காலத்துப் பல சான்றுகள் அமைகின்றன.

இச் சான்றுகளை அடுக்கி, எது முந்தியது, எது எதனினின்று விரிந்தது, எக் கருத்துப் பற்றி விரிந்தது என்று காண்டலே ஆராய்ச்சி. இதனாற் புராணம் பொய்யாயிற்று என்று கொள்ளற்க. நாயனார் கண்ட கொங்கு நாட்டுப் பெருவழியின் அச்சமும் வறட்சியும் பதிகத்தால் விளங்கும். அவ் வச்சத்தினூடும் இறைவன் திருவிளையாடலைக் கண்ட திருத்தொண்டர் மரபின் நோக்கம் புராணத்தால் விளங்கும். இரண்டனையும் கலந்து ஒன்றென ஓதிய வழி இரு சுவையும் மங்கும். பகுத்து ஓதுவார்க்கு இரண்டும் மிகும். இப் பகுத்துணர்வைப் பயிற்றும் திறம் பல்கலைக் கழகத்துக்கு உண்டு என்பதை ஒப்புதல் நடுவுநிலைமையாகும்.

5. ஆராய்ச்சியின் எல்லை

இனி அதன் எல்லையைக் கூறுதும். அருணந்தி சிவாசாரியார் அளவைகளைப் பத்தென எண்ணி, அவை காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் எனக் காட்டினார். அவற்றுட் பொறிவழிக் காட்சியும் கருதலும் பல்கலைக் கழகத்துக்கும் உடன்பாடே. உரை என்னும் ஆகமத்தையோ அவர் அளவையாகக் கொள்ளார். ஆராயப்படும் பொருளாகவே கொள்வர். சித்தியார் ஆன்மாவைப் பற்றி இன்னது கூறுகின்றது என்று ஆராய்ச்சியாளன் எழுதலாம். ஆன்மா இத்தன்மைத்து என்று அந் நூலைக் காட்டி அவன் நிறுவுதல் இயலாது. அன்றியும் காட்சி நான்கனுள் தன்வேதனைக் காட்சியும் யோகக் காட்சியும் அவன் ஆய்வுக்கூடத்துக்கு எட்டா. பிறர் அவை பெற்றதாகக் கூறும் கூற்றே அவனுக்கு எட்டும்.

இது குறையன்று, அக் கலையின் எல்லை. திருப்பூரில் ஒரு துணி கடல் கடந்து செல்லுமுன், நூலின் கவுண்ட்டும், துணியின் எடையும், சாயம் நிற்கும் திறமும், சலவையிற் சுருங்கும் அளவும் சோதிக்கப்படுகின்றன. சோதித்தவன் அதனை உடுத்தவன் ஆகான். உடுத்தவன் அதனைச் சோதித்தவன் ஆகான். சோதியாத துணி கப்பலேறாது திரும்பும். உடுப்பாரில்லாத துணி சோதனையில் வென்றும் பயனில் பொருளே. கல்வி நூலைப் பஞ்சினின்று நூற்ற நூலோடு ஒப்பிட்ட நன்னூலாரின் பாயிரத்தைக் கற்றவர்க்கு இவ்வுவமை புதிதன்று.

ஈண்டுத் திருமடத்தார் செருக்குதற்கும் இடமில்லை. பாச ஞானம், பசு ஞானம், பதி ஞானம் என்னும் மூன்றனுள், வேதம் முதலாகிய நூல்களை ஓதி உணரும் அறிவு அனைத்தையும் பாச ஞானத்துள் வைத்தது சித்தாந்தம். மடத்தின் திண்ணையில் இருந்து மாபாடியத்தை வரிவரியாகக் கேட்டாலும், அஃது எழுத்தளவில் நிற்குமாயின் பாச ஞானமே. பல்கலைக் கழக மாணாக்கனும் மடத்து மாணாக்கனும் இவ்வளவில் ஒரே படியில் நிற்கின்றனர். வேறுபாடு எங்கே தொடங்குகின்றது எனின், தீக்கை பெற்று, ஆசிரியன் அருள்வழி நின்று, கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடுதல் என்னும் நால்வகை ஞான நெறியிற் செல்லுமிடத்தே என்க. கேட்டலின் பின் மூன்று படிகள் உள. பட்டம் பெற்றவுடன் கல்வி முடிந்தது என்பவன் முதற்படியிலே இறங்கிவிட்டவன் ஆவான்.

6. தடை விடைகள்

தடை 1: சிவபத்தி இல்லாதார் சைவ நூல்களை ஆராய்தல் தகுமோ?

விடை: மேலே கூறிய ஹொய்சிங்டனும் போப்பையரும் ஷோமெருசும் தம் சமயத்தில் உறுதியுடையவர். சில இடங்களில் அவர் தம் சமயத்தின் கண்ணாடி வழியே நோக்கினர் என்பதும் உண்மையே. எனினும் உலகம் சித்தாந்தத்தின் பெயரைக் கேட்டதற்கு அவர் உழைப்பும் ஒரு காரணமாயிற்று. அவர் பிழைபட்ட இடங்களைத் திருத்தியவர் யாவர்? மூலத்தையும் ஆராய்ச்சி முறையையும் ஒருங்கு கற்ற நல்லசாமிப் பிள்ளை போன்றாரே. பத்தி மாத்திரம் உடையார் வருந்தினர். இரண்டும் உடையார் மறுத்து எழுதினர். ஆதலின் பிறர் ஆராயாதவாறு தடுத்தல் நம் கடனன்று. நம்முள் ஆராய வல்லாரை ஆக்குதலே கடன்.

தடை 2: ஆராய்ச்சி மரபை மறுக்குமாயின் என் செய்வது?

விடை: சிவஞான போதச் சூத்திரங்கள் 12-உம் இரௌரவ ஆகமத்துப் பாசவிமோசனப் படலத்தினின்று தமிழிற் பெயர்க்கப்பட்டன என்பது மரபு. மாதவச் சிவஞான முனிவர் அதனையே தழுவினார். தமிழ் நூலே முதல் என்று வாதித்தாரும் 20-ஆம் நூற்றாண்டிற் பலர். புதுச்சேரி நிறுவனத்தின் வாயிலாக என். ஆர். பட்டு அவர்கள் இரௌரவத்தைப் பல சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்தார்; முதற்பகுதி 1961-இல் வெளிவந்தது. அவர் பதிப்பித்த பகுதிகளில் அச் சூத்திரங்கள் காணப்படவில்லை. இதனைக் கேட்டுச் சிலர் வெகுண்டனர், சிலர் துள்ளினர். இரண்டும் வேண்டா. ஆகமங்கள் பல முழுமையாகக் கிடைத்தில. கிடைத்த சுவடியில் இல்லாமை எக் காலத்தும் இல்லாமை ஆகாது. அவ்வாறே, கிடைத்த சுவடியில் உண்டு என்று கூறுதலும் இனி இயலாது. மரபை மரபென உரைத்து, சுவடியின் சான்றைச் சான்றென உரைத்தலே நேர்மை.

இதனால் மெய்கண்டார் அருளிய பொருளுக்கு வரும் குறை யாது? யாதுமில்லை. அவர் ஒவ்வொரு சூத்திரப் பொருளையும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்னும் உறுப்புக்களால் நிறுவிச் சென்றார். தம் நூல் இன்ன ஆகமத்தில் உள்ளது ஆதலின் ஒப்புக என்று அவர் நம்மை ஏவினார் அல்லர். உலகு தோன்றி நின்று ஒடுங்குதலின் அதற்கு ஒரு கருத்தா உண்டு என்னும் வாதம் அதன் வலியிலேயே நிற்பது. சுவடி ஆராய்ச்சிக்கு அஞ்சுவார் அவ் வாதத்தின் வலியை ஐயுற்றவரே ஆவர்.

தடை 3: பிற சமயங்களை நாம் பயிலுதல் எதற்கு?

விடை: இது புதுவதன்று. மணிமேகலையிற் சமயக் கணக்கர் ஒவ்வொருவர் கொள்கையையும் வினவிக் கேட்கும் காதை உண்டு. சித்தியார்ப் பரபக்கம் உலகாயதம் முதற் பாஞ்சராத்திரம் ஈறாக 14 மதங்களை முதலில் அவ்வவர் கூற்றாக நிறுத்தி, அதன் பின்னரே மறுக்கின்றது. உமாபதி சிவாசாரியார் 1313-ஆம் ஆண்டளவிற் செய்த சங்கற்ப நிராகரணமும் அம் முறையதே. புறப்புறம், புறம், அகப்புறம், அகம் என்னும் வகுப்பும் ஒப்பீட்டின் விளைவே. ஆயின் நம் ஆசிரியர் தம் காலத்துத் தம்முன் நின்ற மதங்களையே ஆராய்ந்தனர். கிறித்தவமும் இசுலாமும் சீக்கியமும் பரபக்கத்துள் இல்லை. அவற்றைப் பற்றி ஒருவன் கூற விரும்பின், அவர் நூல்களை அவர் கூறும் பொருளிலேயே கற்றல் வேண்டும். பிறன் கொள்கையைப் பிறழக் கூறி மறுத்தல் வெற்றியன்று. தருக்க நூலார் அதனைத் தோல்வித் தானங்களோடு சேர்ப்பர்.

திருப்பூர்ப் பகுதிக்கு இது நூலளவில் நிற்கும் செய்தியன்று. பீகார், ஒடிசா முதலிய மாநிலங்களினின்று வந்தாரும், தென் மாவட்டத்தாரும், கொங்கு நாட்டாரும் ஒரே தொழிற்கூடத்திற் கட்டிங் மேசையிலும் தையல் இயந்திரத்திலும் அடுத்தடுத்து இருந்து உழைக்கின்றனர். ஒருவன் சகந்நாதரை வணங்குவான். ஒருவன் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு விடை பெற்றுச் செல்வான். ஒருத்தி ஞாயிறுதோறும் தேவாலயம் புகுவாள். ஒருவன் அவிநாசித் தேருக்குச் செல்வான். அடுத்திருப்போன் வழிபாட்டின் பொருளை அறியாதவன் அவனைப் பற்றி எவரோ கூறியதை நம்புவான். அறியாமையாற் பகை விளையும். பகை விளையுமிடத்துத் தொழிலும் நில்லாது, அறமும் நில்லாது. கொங்கு நாட்டுப் பேரூரில் 17-ஆம் நூற்றாண்டில் விளங்கிய சாந்தலிங்க சுவாமிகள் அவிரோதவுந்தியார் என ஒரு நூலுக்குப் பெயரிட்டமை ஈண்டு நினைத்தற்குரியது. அவிரோதம் என்பது முரணாமை. தன் நெறியில் உறுதியும் பிறர் நெறியோடு முரணாமையும் ஓரிடத்தில் நிற்கக்கூடும் என்பது நம் முன்னோர் கண்டதே.

7. செயற்பாலன

திருப்பூர்ப் பகுதியின் இளைஞர் பெரும்பாலும் வணிகவியல், கணினி, ஆடை வடிவமைப்பு என்பனவற்றையே கல்லூரியில் நாடுகின்றனர். பிழைப்பு நோக்கிய இத் தெரிவைக் குறை கூறல் தகாது. சமயத்தைப் பட்டப் பாடமாகக் கொள்ள விரும்பும் ஒருவன் சென்னை போன்ற சேய்மை நகரை நோக்குதல் வேண்டும். அன்றித் தொழிலோடு அஞ்சல்வழிக் கல்வியை மேற்கொள்ளுதல் வேண்டும். கேள்வி மரபோ திருவாவடுதுறை முதலிய ஆதீனங்கள் பல ஊர்களில் நடத்தும் சித்தாந்தப் பயிற்சி வகுப்புக்களால் ஓரளவு நிலவுகின்றது. கொங்கு நாட்டளவிற் பேரூர்த் திருமடத்தார் 1953-ஆம் ஆண்டில் நிறுவிய தமிழ்க் கல்லூரி, மடமும் கல்லூரியும் ஒருங்கு நிற்றல் கூடும் என்பதற்குச் சான்றாய் உள்ளது. இவற்றை உட்கொண்டு நான்கு செயல்களை ஆதீனத்தார் திருமுன்னும் செல்வர் திருமுன்னும் வைக்கின்றாம்.

முதலாவது, கேள்வி வகுப்பு உழைப்போர் நேரத்துக்கு இசைய அமைதல் வேண்டும். சனிக்கிழமை கூலி பெற்று ஞாயிறு ஓய்வு கொள்ளும் ஊரில், வாரநாள் மாலை வகுப்பு வெற்றிடமாகவே கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், உண்மை விளக்கம் முதலிய சிறு நூல்களினின்று தொடங்கிப் படிப்படியாக ஏறுதல் நன்று.

இரண்டாவது, ஆண்டுக்கு ஒருவரையேனும் பொருளுதவி செய்து பல்கலைக் கழகச் சித்தாந்தத் துறைக்கு விடுத்தல் வேண்டும். செல்லுமுன் ஓராண்டு மடத்திலே மூலபாடமும் உரையும் கேட்பித்தல் வேண்டும். மூலம் நெஞ்சிற் பதியாதவன் ஆராய்ச்சிக் கட்டுரைகளையே மூலமாகக் கொண்டு மயங்குவான். வடமொழி, கிரந்த எழுத்து, கல்வெட்டெழுத்து ஆகியவற்றையும் அவன் பயிலுதல் இன்றியமையாதது. ஆகமச் சுவடிகள் அவன் கைக்காகக் காத்திருக்கின்றன.

மூன்றாவது, அறக்கட்டளை வைப்போர் முடிபை ஏவலாகாது. பொருள் கொடுத்தோம் ஆதலின் எம் தலத்தின் தொன்மையை இத்துணை நூற்றாண்டு உயர்த்தி எழுதுக என்று கேட்பின், எழுதப்படுவது ஆராய்ச்சி அன்று, மெய்க்கீர்த்தி. அது நம்மவரிடையே மகிழ்ச்சி விளைத்துப் பிறர்முன் நகை விளைக்கும். பொருளைக் கொடுத்து முடிபை விடுதலே சிவதருமம்.

நான்காவது, பட்டம் பெற்று மீள்வோரை மடம் ஐயக்கண்ணோடு நோக்கலாகாது. அவர் கொண்டுவரும் வினாவை அவையில் வைத்துத் தடைவிடை செய்தல் வேண்டும். சிவஞான முனிவர் தம் காலத்து மாற்றார் வினாக்களை ஒதுக்கினவர் அல்லர். எடுத்தெடுத்து விடை கண்டவர். அவர் மரபினர் வினாவுக்கு அஞ்சுதல் முறையன்று. அவ்வாறே மீள்வோரும் பட்டத்தை ஆசாரியத் தகுதி என்று மயங்குதல் கூடாது. பட்டம் நூலை ஆராயும் தகுதியைக் காட்டும். தீக்கை செய்யும் தகுதி குருமரபால் வருவது.

8. முடிபு

இதுகாறும் கூறியவாற்றால், சமயத்தைப் பல்கலைக் கழகத்திற் பயிலுதல் சட்டத்துக்கும் மரபுக்கும் மாறன்று என்பதும், ஆராய்ச்சி சான்றைப் பகுத்துக் காட்டும் அளவில் வலியுடையது என்பதும், உரையை அளவையாகக் கொண்டு வீடுபேறு நோக்கிச் செல்லும் கேள்வி நெறி அதனின் வேறாயது என்பதும் பெறப்பட்டன. ஆராய்ச்சியைக் கைவிட்ட மடம் பிறர் தன்னைப் பற்றி எழுதுவதைப் படித்து வருந்துவதன்றி வேறொன்றும் செய்யமாட்டாது. கேள்வியை இழந்த பல்கலைக் கழகம் நூலின் பெயர்களை வைத்துக்கொண்டு பொருளை இழக்கும். உரையோடு நூலைச் சொல்ல வல்ல முதியோர் ஒருவர் மறையுந்தோறும் பின்னது நம் கண்முன்னே நிகழ்கின்றது. அவர் இருக்கும்பொழுதே அவர்பாற் கேட்கவும், கேட்டதனை ஆராயவும் வல்ல இளைஞர் சிலரை ஊர்தோறும் ஆக்குதல் இக் காலத்துச் சிவப்பணிகளுள் தலையாயது. திருப்பூரில் இயந்திரங்கள் ஓயும் ஞாயிறு ஒன்றில் அது தொடங்கப்படுமாக.

திருச்சிற்றம்பலம்